விரிச்சி கேட்கும் ரசிகர்கள்

2025 மே 30 அன்று டெய்லர் ஸ்விஃப்ட் தன் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதி வெளியிட்டார். தன் முதல் ஆறு ஆல்பங்களின் மூலப் பதிவுகளை ஷாம்ராக் என்ற முதலீட்டு நிறுவனத்திடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன் என்பது கடிதத்தின் சாரம். இசைத் தொழிலில் இது பெரிய செய்தி. ஆனால் ரசிகர்களில் ஒரு பெரும்பகுதியின் கண் நேராகப் போய் நின்றது வேறொரு பத்தியில். ரெப்யுடேஷன் ஆல்பத்தின் மறுபதிவு என்ன ஆச்சு? அதில் கால்வாசியைக்கூட இன்னும் பதிவு செய்யவில்லை என்று அந்தப் பத்தி சொன்னது.

அந்த ஆல்பம் "இதோ வருது, அதோ வருது" என்று வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் அவர்கள். சும்மா காத்திருக்கவில்லை, ஆதாரத்தோடு காத்திருந்தார்கள். எந்த நிறத்தில் உடை போட்டார், எந்த நகையில் பாம்பு இருந்தது, எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று கணக்குப் போட்டு, படம் ஒட்டி, வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள். அறிவிப்பு இன்ன நாளில் வரும் என்பதற்கு நிரூபணங்கள் குவிந்து கிடந்தன. ஆல்பம் மட்டும் இல்லை.

இல்லாத ஒரு பொருளுக்கு இவ்வளவு ஆதாரம் எங்கிருந்து கிடைத்தது? இந்தக் குறிப்பு அந்தக் கேள்வியைப் பற்றியது. ரசிகர்களைக் கிண்டல் செய்வது நோக்கமில்லை. அவர்கள் செய்கிற வேலைக்கும், ஓய்வு நேரத்தில் கல்வெட்டையும் ஊர்ப்பெயரையும் வைத்துக்கொண்டு உட்காரும் என்னைப் போன்றவர்கள் செய்கிற வேலைக்கும் ரொம்ப தூரமில்லை. சிதறிக் கிடப்பதில் ஒரு ஒழுங்கைத் தேடுகிறோம். ஒழுங்கு கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் முதலில் வருகிறது. அது நிஜமா என்று பார்க்கும் பொறுமை பின்னால், நொண்டிக்கொண்டு வருகிறது.

முன்கதை

இந்த விவகாரத்தைத் தொடராதவர்களுக்குச் சுருக்கமாக. 2019 ஜூனில் ஸ்விஃப்ட்டின் பழைய நிறுவனமான பிக் மெஷினை ஸ்கூட்டர் பிரானின் நிறுவனம் வாங்கியது. அதோடு அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மூலப் பதிவுகளும் கைமாறின. அடுத்த ஆண்டு அவை ஷாம்ராக்குக்குப் போயின. பாட்டை எழுதிய உரிமை தன்னிடம் இருந்ததால் ஸ்விஃப்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய ஆல்பங்களை அப்படியே மறுபடி பாடிப் பதிவு செய்து, "டெய்லர்ஸ் வெர்ஷன்" என்ற அடைமொழியோடு வெளியிடுவது. 2021 ஏப்ரலில் ஃபியர்லெஸ், அதே ஆண்டு நவம்பரில் ரெட், 2023 ஜூலையில் ஸ்பீக் நௌ, அக்டோபரில் 1989 என்று நான்கு வந்தன. மிச்சம் இரண்டு: பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் ஆல்பமும், 2017இல் வந்த ரெப்யுடேஷனும்.

அதாவது இது வழக்கமான "அடுத்த ஆல்பம் எப்போ" இல்லை. என்ன வரும் என்று தெரியும், அதிலுள்ள பாட்டெல்லாம் மனப்பாடம். தெரியாதது தேதி ஒன்றுதான். அதனால் மொத்த எதிர்பார்ப்பும் தேதியின் மேல் போய்க் குவிந்தது.

முதலில் இருந்தது குறியீடு

ஸ்விஃப்ட்டின் ரசிகர்கள் துப்புத் தேடிகளாக ஆனது தற்செயல் இல்லை. அவரே பழக்கினார். 2006இல் வந்த முதல் ஆல்பத்தின் பாடல் புத்தகத்தில் வரிகள் எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்கும். நடுநடுவே சில எழுத்துகள் மட்டும் பேரெழுத்தில் நிற்கும். அவற்றை வரிசையாக எடுத்து எழுதினால் ஒரு சொல்லோ சின்ன வாக்கியமோ கிடைக்கும். அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்பதற்கு ஒரு கண்சிமிட்டல். 2014இல் வந்த 1989 வரை ஐந்து ஆல்பங்களில் இது தொடர்ந்தது.

இதைச் சரியாகப் பார்க்க வேண்டும். இது குறியீடு. பூட்டும் சாவியும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. பத்து பேர் தனித்தனியாக உட்கார்ந்து அவிழ்த்தாலும் பத்து பேருக்கும் ஒரே விடைதான் வரும். தப்பாக அவிழ்த்தால் தப்பு என்று தெரிந்துவிடும், ஏனென்றால் சொல் உருவாகாது. விடை நம்மைத் திரும்பப் பாட்டுக்கே அனுப்புகிறது. இது ஒரு வாசிப்புப் பயிற்சி. பதினைந்து வயதுப் பிள்ளைகளை ஒரு பாட்டுப் புத்தகத்தை எழுத்தெழுத்தாகப் படிக்க வைத்தது சாதாரண விஷயமில்லை.

ரெப்யுடேஷனில் அந்த வழக்கம் நின்றது. துப்பு புத்தகத்தை விட்டு வெளியே வந்தது. 2017 ஆகஸ்ட் 18 அன்று சமூக வலைத்தளங்களில் இருந்த தன் பதிவுகளையெல்லாம் துடைத்தார். சில நாட்களில் ஒரு பாம்பின் வால், உடல், தலை என்று மூன்று துண்டுக் காணொளிகள். 24ஆம் தேதி முதல் பாட்டு. ஆல்பம் நவம்பர் 10. புதிர் போட்டதற்கும் விடை வந்ததற்கும் இடையே ஒரு வாரம்கூட இல்லை. இதுவும் நேர்மையான ஆட்டம்தான். ஆனால் ஒரு கதவு திறந்துவிட்டது. இனிமேல் உடை, நகை, நகப்பூச்சு, புகைப்படத்தின் பின்னணி எதுவும் துப்பாகலாம்.

விரிச்சி

குறியீடு எப்போது சகுனமாக மாறுகிறது என்று யோசித்தபோது எனக்கு முல்லைப்பாட்டுதான் ஞாபகம் வந்தது. நப்பூதனார் பாடியது, 103 அடிகள், பத்துப்பாட்டில் ஆகச் சிறியது. கார்காலம் வந்துவிட்டது, போருக்குப் போன தலைவன் வரவில்லை. முதுபெண்டிர் ஊர் எல்லைக்குப் போய், நெல்லும் முல்லைப்பூவும் தூவி, கைதொழுது, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நேரத்தில் யார் வாயிலிருந்தாவது தற்செயலாக ஒரு சொல் விழும், அதுவே வரப்போவதைச் சொல்லும் என்பது நம்பிக்கை. இதற்கு விரிச்சி என்று பெயர். தொல்காப்பியம் வெட்சித் திணையின் துறைகளில் இதைச் சேர்த்திருக்கிறது.

அவர்கள் காதில் விழுவது ஓர் ஆய்மகளின் குரல். குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிற அவள், கட்டிப்போட்ட கன்று தவிப்பதைப் பார்த்து, உன் தாய் இப்போது வந்துவிடுவாள் என்று சமாதானம் சொல்கிறாள். முதுபெண்டிர் அதை எடுத்துக்கொண்டு தலைவியிடம் ஓடுகிறார்கள். நல்ல சொல் கேட்டோம், உன் தலைவன் வருவான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆய்மகளுக்குத் தான் விரிச்சி சொல்கிறோம் என்று தெரியாது. அவள் கன்றோடு பேசிக்கொண்டிருக்கிறாள். தெரியாமல் சொன்னதால்தான் அதற்கு மதிப்பு. நாலு கிழவிகள் மறைவில் நிற்பது தெரிந்து அவள் பேசியிருந்தால் அது விரிச்சி இல்லை, நாடகம்.

ஸ்விஃப்ட் விஷயத்தில் சிக்கலே இங்கேதான். மேடையில் நிற்பவருக்குக் கீழே ஒரு கூட்டம் காது தீட்டி நிற்பது நன்றாகவே தெரியும். துப்பு வைப்பதாகப் பேட்டிகளில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அதே சமயம் அவரும் மனிதர், சில நாள் பச்சைச் சட்டை வெறும் பச்சைச் சட்டைதான். தெரிந்து சொன்னது எது, தெரியாமல் விழுந்தது எது என்று பிரிக்க ரசிகரிடம் எந்தக் கருவியும் கிடையாது.

தெரியாமல் விழுந்ததற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2020இல் வந்த ஃபோக்லோர் ஆல்பத்தின் மாற்று அட்டை ஒன்றில் "வுட்வேல்" என்ற சொல் மங்கலாகத் தெரிந்தது. டிசம்பரில் எவர்மோர் வந்ததும் ரசிகர்கள் கூட்டிப் பார்த்தார்கள். ஃபோக்லோர், எவர்மோர், அடுத்து வுட்வேல். மூன்றாவது ஆல்பம் உறுதி! ஸ்விஃப்ட் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் விளக்கினார். ஃபோக்லோர் என்ற பெயரை யாரிடமும் சொல்லப் பயந்து, ஆங்கிலத்தில் அதே எட்டு எழுத்துகள் கொண்ட வேறொரு சொல்லை அட்டை மாதிரியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஓர் அட்டையில் எடுக்க மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். சோதனைக்குப் போட்ட பெயர் தவறிப்போய் வெளியீட்டில் தங்குவது எங்கள் தொழிலில் வாராவாரம் நடக்கும். ஆய்மகள் கன்றோடு பேசியதைப் போலத்தான் இதுவும். ஒரே வித்தியாசம், முல்லைப்பாட்டில் தலைவன் வந்தான், இங்கே மூன்றாவது ஆல்பம் வரவில்லை.

ஒரு முறை பலித்தால்

2023 மே 5 அன்று நாஷ்வில் மேடையில் ஸ்பீக் நௌ மறுபதிவை அறிவித்தார். ஆகஸ்ட் 9 அன்று லாஸ் ஏஞ்சலீஸ் மேடைக்கு அதுவரை போடாத நீல நிற உடைகளில் வந்தார். நீலம் 1989 ஆல்பத்தின் நிறம். அன்று இரவே அந்த ஆல்பத்தின் மறுபதிவை அறிவித்தார். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள், அதனால் ஆகஸ்ட் 9 என்பது 8/9. தேதி, நிறம், அறிவிப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் விழுந்தன.

கணினியைப் பழக்குகிறவர்களுக்கு இந்த ஆபத்து தெரியும். ரொம்பக் குறைவான தரவை வைத்து ஒரு மாடலைப் பழக்கினால், அது அந்தத் தரவை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளும். புதிதாக எது வந்தாலும் பழையதையே அதில் பார்க்கும். "உடை மாறினால் ஆல்பம்" என்ற விதிக்கு ஒரே ஒரு வலுவான சான்று இருந்தது. ஒன்று போதாது. ஆனால் அந்த ஒன்று அரங்கம் நிறைந்த கூட்டத்தின் முன்னால் நடந்தது. அதை மறக்கச் சொன்னால் யார் மறப்பார்கள்?

அடுத்து நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள்.

2024 பிப்ரவரி 4, கிராமி விழா. முந்தைய நாள் அவருடைய முகப்புப் படங்கள் கறுப்பு வெள்ளையாக மாறின. ரெப்யுடேஷனின் நிறம்! விழா நாளன்று அவருடைய தளத்தில் ஒரு பிழைப்பக்கம் தோன்றியது. "பேக்எண்ட் ஃபெட்ச் ஃபெயில்டு" என்ற செய்தியோடு எண் 321. இந்தச் செய்தி எங்களுக்குப் பழக்கமானது, அதோடு வருகிற எண் வழக்கமாக 503. 321 என்று ஒரு பிழை எண்ணை நான் எங்கும் பார்த்ததில்லை. ஆக இது செட்டப், மூன்று இரண்டு ஒன்று என்று இறங்கும் எண்ணிக்கை. கூடவே குழப்பிப் போட்ட பத்து எழுத்துகள். வரிசைப்படுத்தினால் "ரெட் ஹெர்ரிங்". மோப்பம் பிடிப்பவரைத் திசை திருப்பப் போடும் கருவாடு! அன்று அவர் அறிவித்தது ரெப்யுடேஷன் இல்லை, த டார்ச்சர்டு போயட்ஸ் டிபார்ட்மென்ட் என்ற முற்றிலும் புதிய ஆல்பம். "நீங்கள் படிக்கும் துப்பு பொய்" என்பதையே ஒரு துப்பாக வைத்திருந்தார்.

2024 அக்டோபர் 18, மயாமி. ஈராஸ் சுற்றுப்பயணம் முழுக்க மாறாமல் இருந்த ரெப்யுடேஷன் பகுதியின் பாம்பு உடை முதன்முறையாக மாறியது. கறுப்பில் தங்கப் பாம்பு. 1989 விதிப்படி அன்று அறிவிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

2025 மே. ஒரு தொலைக்காட்சித் தொடரில் ரெப்யுடேஷனின் முதல் பாட்டு புதுப்பதிவாக ஒலித்தது. இது சகுனம் இல்லை, கைக்குக் கிடைத்த பொருள். மே 26 விருது விழாவில் அறிவிப்பு நிச்சயம் என்று பேச்சு கிளம்பியது. அவர் விழாவுக்கே வரவில்லை. நாலு நாள் கழித்து அந்தக் கடிதம்.

தோற்ற கணிப்பு ஒவ்வொன்றும் விதியைப் பலவீனப்படுத்தியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. வராவிட்டால் "இது திசைதிருப்பல், அவரே ரெட் ஹெர்ரிங் என்று சொன்னவர்தானே" என்று விதி தப்பித்துக்கொண்டது. வந்தால் துப்பு, வராவிட்டாலும் துப்பு, அவர் ஒன்றுமே செய்யாவிட்டால் அது பெரிய துப்பு. தோற்கவே முடியாத கணிப்பில் தகவல் எதுவும் இல்லை. 1948இல் க்ளாட் ஷானன் தகவலை அளக்க ஒரு வழி சொன்னார். ஒரு செய்தி எவ்வளவு எதிர்பாராததோ அவ்வளவு தகவல் அதில் இருக்கிறது, எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் மணியில் தகவல் பூஜ்யம். சர்வர்களைக் கண்காணிக்கிறவர்களைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் அலர்ட் வைத்தால் ராத்திரி உண்மையிலேயே தீப்பிடிக்கும்போது யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

விளையாட்டுதானே?

ரசிகர்கள் இதற்கு ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறார்கள். "எங்களுக்குத் தெரியாதா என்ன? நாங்களே எங்களைக் கோமாளிகள் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம்." உண்மைதான். இந்தக் கணிப்பு வேலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே கோமாளித்தனம். முகம் தெரியாதவர்கள் கூடி ஒரு புதிரோடு மல்லுக்கட்டி, தோற்றால் ஒன்றாகச் சிரிக்கிறார்கள். தனியாக ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு திரிகிற காலத்தில் பாட்டு கேட்பது ஒரு ஊர்க்காரியமாக இருப்பது நல்லதுதானே? ஆமாம், நல்லதுதான். அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் இந்த விளையாட்டில் ஒரு தரப்பு டிக்கெட் விற்கிறது. கணக்கைப் பார்க்கலாம். அமெரிக்க ஆல்பம் பட்டியலில் ஒரு ஆல்பம் விற்றால் ஓர் அலகு. காசு கட்டிக் கேட்பவர்களின் கேட்பு என்றால், அந்த ஆண்டுகளின் விதிப்படி 1,250 கேட்புகள் சேர்ந்தால்தான் ஓர் அலகு. முன்பதிவு செய்தவை எல்லாம் வெளியாகும் வாரத்தின் கணக்கில் விழும். ஆக, காத்திருப்பின் சூட்டில் வாங்க வைப்பதுதான் முதல் வாரச் சாதனைக்கு வழி. 2022இல் வந்த மிட்நைட்ஸ் இசைத்தட்டு நாலு அட்டைகளில் வந்தது. நாலையும் வாங்கி பின்பக்கங்களைச் சேர்த்து வைத்தால் ஒரு கடிகாரம். புதிரைச் சேர்ப்பவனின் கை அரிக்கும் இடத்தில் சரியாகக் கல்லாப்பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

டார்ச்சர்டு போயட்ஸ் இன்னும் தெளிவான உதாரணம். நாலு பதிப்புகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு கூடுதல் பாட்டு. முதல் பதிப்பைத் தவிர மற்றவை மெல்பர்ன், சிட்னி, சிங்கப்பூர் மேடைகளில் ஒவ்வொன்றாக அறிவிக்கப்பட்டன. ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஒரு முன்பதிவு. 2024 ஏப்ரல் 19 நள்ளிரவில் ஆல்பம் வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் பதினைந்து பாட்டுகளோடு 31 பாட்டுத் தொகுப்பாக அது விரிந்தது. அந்த நாலு கூடுதல் பாட்டுகளும் அதில் இருந்தன. நாலு பதிப்பும் வாங்கியவர் நாலு பாட்டுக்காகக் கொடுத்த காசு, விடியும் முன்னே அர்த்தம் இழந்தது.

2025 அக்டோபர் 3 அன்று வந்த த லைஃப் ஆஃப் அ ஷோகேர்ள் முதல் வாரத்தில் அமெரிக்காவில் சுமார் 40 லட்சம் அலகுகள் போனது. அதில் 34 லட்சத்துக்கும் மேல் நேரடி விற்பனை. 2015இல் அடெல்லின் 25 வைத்த முதல் வாரச் சாதனை முறிந்தது. ஒரே ஆல்பம் முப்பதுக்கும் மேற்பட்ட வடிவங்களில் விற்கப்பட்டது. இத்தனை லட்சம் பேரை ஒரே வாரத்துக்குள் கடைக்குக் கொண்டு வந்ததில் பாட்டின் பங்கு எவ்வளவு, காத்திருப்பின் பங்கு எவ்வளவு? ஆல்பம் வெளிவரும் முன்பே முன்பதிவு செய்தவருக்குப் பாட்டு எப்படி இருக்கிறது என்று தெரிய வழியே இல்லை. அவர் வாங்கியது காத்திருப்பைத்தான்.

காது என்ன ஆகிறது

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. துப்புத் தேடிப் பழகிய காது ஆல்பம் வந்த பிறகும் துப்புத்தான் தேடுகிறது.

டார்ச்சர்டு போயட்ஸ் வெளியான இரவில் நடந்த பேச்சில் பெரும்பகுதி "இந்தப் பாட்டு யாரைப் பற்றி" என்பதுதான். ஒரு நீண்ட உறவு முறிந்த கதையை எதிர்பார்த்துக் கேட்டார்கள். பல பாட்டுகள் வேறு ஒருவரைப் பற்றியவை போலிருந்ததும் குழம்பினார்கள். அதில் "பட் டாடி ஐ லவ் ஹிம்" என்று ஒரு பாட்டு. கதை ஒரு சின்ன ஊர்ப் பெண்ணுடையது. என் வாசிப்பில் அந்தக் கோபம் அப்பா மேல் இல்லை. அக்கறை என்ற பெயரில் அவள் யாரைக் காதலிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல வருகிற ஊர்மேல்தான். அந்த ஊர் யார் என்று சொல்லத் தேவையில்லை. தன்னை வேவு பார்ப்பவர்களைப் பார்த்து ஒருத்தி கத்துகிறாள், கேட்டவர்களில் பலர் அந்தக் கத்தலையும் பதிவு செய்து, அவள் யாரைப் பற்றிச் சொல்கிறாள் என்று ஆராய்ந்தார்கள்.

அதே ஆல்பத்தில் "ஐ கேன் டூ இட் வித் அ ப்ரோக்கன் ஹார்ட்". மனசு உடைந்தவள் மேடையில் சிரித்துக்கொண்டே ஆடுகிறாள். அதில் ஓர் அருமையான ஒலி வேலை இருக்கிறது. மேடைப் பாடகர்களின் காதுக் கருவியில் தாளத்துக்காக ஒன்று இரண்டு மூன்று நாலு என்று எண்ணுகிற குரல் ஒலிக்குமே, அதைப் பாட்டுக்குள்ளேயே கேட்க வைத்திருக்கிறார்கள். துள்ளுகிற மெட்டுக்கு அடியில் அந்த எண்ணிக்கை, வேலை வாங்குகிற மேஸ்திரி மாதிரி. கூட்டம் கேட்கும் பாட்டையும் அவள் காதில் மட்டும் கேட்கும் கட்டளையையும் நாம் சேர்த்துக் கேட்கிறோம். பாட்டின் அர்த்தமே அந்த இடைவெளியில்தான். அந்தப் பாட்டு எந்த ஊர்க் கச்சேரியைப் பற்றியது என்று தேதி தேடுகிறவருக்கு இது காதில் விழாது.

எதிர் உதாரணமும் ஸ்விஃப்ட்டிடமே இருக்கிறது. ஃபோக்லோரை 2020 ஜூலை 23 அன்று அறிவித்தார், மறுநாள் வெளியிட்டார். காத்திருக்க நேரமே தரவில்லை. ஆனால் ஒரு புதிர் தந்தார். இதில் மூன்று பாட்டுகள் ஒரே முக்கோணக் காதலை மூன்று பேரின் பார்வையில் சொல்கின்றன என்றார், எந்த மூன்று என்று சொல்லவில்லை. ரசிகர்கள் பாட்டுக்குள் இறங்கினார்கள். கார்டிகன், ஆகஸ்ட், பெட்டி. ஒரு பாட்டில் வரும் கம்பளிச் சட்டை இன்னொன்றில் வருகிறது. ஒருத்திக்கு வாழ்நாள் முழுக்க வலிக்கிற கோடைக்காலம், அந்தப் பையனின் மன்னிப்பில் ஒரு சின்னச் சறுக்கலாகச் சுருங்கிவிடுகிறது. விடை கிடைத்ததும் மூன்று பாட்டும் புதிதாகக் கேட்கின்றன. அந்த ஆல்பம் அடுத்த ஆண்டு கிராமியின் சிறந்த ஆல்பம் விருதை வாங்கியது. 2006ஆம் ஆண்டுப் புத்தகத்தின் பேரெழுத்துகளைப் போல இதுவும் பாட்டுக்கு உள்ளே வைத்த பூட்டு.

துப்பே இல்லாத நீண்ட காத்திருப்புக்கு கேட் புஷ்ஷைச் சொல்லலாம். 1993இல் த ரெட் ஷூஸ், அடுத்த ஆல்பம் ஏரியல் 2005இல். பன்னிரண்டு வருஷம். வந்ததில் ஒரு பாட்டு பை என்ற கணித மாறிலியின் இலக்கங்களை வரிசையாகப் பாடியது. இன்னொன்று துணி துவைக்கும் மெஷினைப் பற்றியது. இரண்டாவது தட்டு முழுக்கப் பறவைக் குரல்களோடு ஒரு நாள் பொழுது. எந்தக் கணிப்பாளராலும் துவைக்கும் மெஷினைக் கணித்திருக்க முடியாது. நல்ல பாட்டின் அடையாளம் எனக்கு அதுதான். அது வருவதற்கு முன் அதை நம்மால் யோசித்திருக்க முடியாது. அப்படியானால் அதற்கு முன்கூட்டியே சகுனம் எப்படி இருக்க முடியும்? சகுனம் சொல்லக்கூடியது தேதியை. பாட்டை இல்லை.

ரசிகர்கள் துப்புத் தேடுவதை நிறுத்த வேண்டாம். தேடும் இடத்தை மாற்றினால் போதும். எழுத்தெழுத்தாகப் படிக்கிற அந்தப் பொறுமையும், ஆயிரம் பேர் கூடிச் சரிபார்க்கிற அந்தப் பழக்கமும் பாடகியின் நகப்பூச்சுமேல் செலவாவது பெரிய விரயம். கல்வெட்டு ஆய்வில் ஒரு சின்ன ஒழுக்கம் உண்டு. ஒரு வாசிப்பை முன்வைக்கும்போது, எந்த எழுத்து எப்படி இருந்தால் என் வாசிப்பு தப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். "இந்தத் தேதியில் வராவிட்டால் இந்த விதியைத் தூக்கிப் போடுவேன்" என்று ஒவ்வொரு கணிப்போடும் எழுதினால், பாதி கணிப்புகள் பிறக்கவே பிறக்காது.

முல்லைப்பாட்டின் தலைவி இதில் நமக்கு முன்னோடி. முதுபெண்டிர் நல்ல விரிச்சி கேட்டோம் என்று சொன்னபோது அவள் தேறவில்லை, கண்ணீர்தான் உதிர்ந்தது. அவர்கள் போன பிறகு ஏழடுக்கு மாடத்தில் படுத்தபடி, கூரையின் மூலையிலிருந்து மழைநீர் கொட்டுகிற ஓசையைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதில் சகுனம் எதையும் தேடவில்லை, அது வெறும் மழையின் சத்தம். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் தேர்க்குதிரைகளின் கனைப்பு அவள் காதை நிறைத்தது.